ஒரு குளிசைக்குள் நாற்பது பஃப்

வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய ஒரு பாமசியில் ஒன்பது வருஷம் நின்றிருக்கிறேன். அந்த ஒன்பது வருஷமும் அடிக்கடி கேட்ட வசனம் இதுதான்: "தம்பி, பம்ப் வேண்டாம். அது பழகிப்போகும். குளிசையாத் தாங்கோ." சொல்பவர் பெரும்பாலும் ஓர் அம்மா. பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளை பாடசாலைச் சீருடையோடு நிற்கும்; தோள்மூட்டை உயர்த்தி உயர்த்தி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும். டொக்டர் எழுதிய துண்டில் பம்ப், அதாவது தொய்வுக்கு (ஆஸ்மாவுக்கு) வாயால் உறிஞ்சும் இன்ஹேலர், என்றுதான் இருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார். குளிசை பழகிய சாமான், தண்ணீரோடு விழுங்கினால் முடிந்தது. பம்ப் கைக்கு வந்தாலோ வருத்தம் முற்றிவிட்டது என்று அவருக்குப் படும்.

மருந்தின் கணக்கு இதற்கு நேரெதிர். தொய்வுக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் குளிசை 2 மில்லிகிராமிலும் 4 மில்லிகிராமிலும் வரும். அதே சல்பியூட்டமோல் பம்பை ஒரு தரம் அமுக்கினால், அதாவது ஒரு பஃப் அடித்தால், வருவது 100 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம். அப்படியானால் ஒரு 4 மில்லிகிராம் குளிசைக்குள் நாற்பது பஃப் மருந்து அடங்கியிருக்கிறது. பம்ப் கடுமையானது, குளிசை மென்மையானது என்று பயப்படும் அம்மாவிடம் இந்த ஒரு கணக்கைத்தான் முதலில் சொல்வேன். துண்டின் பின்பக்கத்தில் பேனையால் எழுதியே காட்டியிருக்கிறேன்.

குளிசை விழுங்கிய பிள்ளைக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். மருந்து தேவைப்படுவது நெஞ்சுக்குள் இறுகிப்போன சுவாசக் குழாய்களுக்கு. குளிசையோ வயிற்றில் கரைந்து, ஈரலைக் கடந்து, இரத்தத்தில் கலந்து, இதயம், கைத்தசை என்று உடம்பெல்லாம் சுற்றும்போதுதான் நுரையீரலையும் எட்டிப் பார்க்கும். அதற்கு அரை மணித்தியாலமாவது பிடிக்கும். பம்பைச் சரியாக அடித்தால் ஐந்து நிமிஷத்தில் மூச்சு இளகத் தொடங்கும்.

மூக்காலும் மூச்சாலும் கொடுக்கும் மருந்துகளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மருந்துக்கு நுரையீரல் போய்ச் சேரவேண்டிய இடமா, இல்லை வேறெங்கோ போவதற்கான பாதையா? இடமாக இருந்தால் மூச்சு வழியைப் போலச் சிக்கனமான வழி வேறில்லை. பாதையாக இருந்தால் கதை மாறும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேலான காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றை எல்லாம் பிரித்து விரித்தால் 70 சதுர மீற்றர் அளவுக்கு வரும். வெள்ளவத்தையில் 750 சதுர அடி ஃபிளாட் ஒன்றின் தரை முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிப்பு ஒரு மைக்ரோனுக்கும் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரோன். சிகரெட்டை உறிஞ்சியவரின் மூளைக்கு நிக்கொட்டின் பத்து இருபது விநாடியில் போய்ச் சேர்வது இந்த மெல்லிய சுவரால்தான். 1846இல் ஈதரை முகரவைத்து அறுவை செய்து காட்டியதிலிருந்து இன்றுவரை மயக்க மருந்துகள் நம்பியிருக்கும் வாசலும் இதுதான்.

ஆனால் அந்த ஃபிளாட்டுக்குப் போகும் படிக்கட்டில் காவல் இருக்கிறது. தொண்டையில் காற்று சட்டென்று வளைந்து கீழே இறங்க வேண்டும். காலி வீதியில் வேகமாக வரும் பஸ் ஒரு குறுக்கு ஒழுங்கைக்குள் சட்டென்று திரும்ப முடியாது, ஓட்டோ திரும்பிவிடும். துணிக்கைகளும் அப்படித்தான். 5 மைக்ரோனுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வளைவில் மோதித் தொண்டையிலேயே ஒட்டிவிடும். ஒரு மைக்ரோனுக்கும் சின்னவற்றில் பல, உள்ளே போன மூச்சோடு திரும்பி வெளியே வந்துவிடும். ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்டவைதான் உள்ளே போய்த் தங்கும். பம்ப், தூள் கப்சியூல், திரவ மருந்தை ஆவிபோல் ஊதும் நெபுலைசர் மெஷின் என்று எந்தச் சாதனத்தை எடுத்தாலும், மருந்தை அந்த அளவுக்கு உடைத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை.

மிச்ச வேலை நம் கையிலும் மூச்சிலும் இருக்கிறது. அங்கேதான் பிழைக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மம்மா வருவார். பேரனோ பேத்தியோ கூட வரும். "பம்ப் அடிச்சும் ஒரு சுகமும் இல்லை மோனை" என்றார் ஒரு நாள். எனக்கு முன்னால் ஒருக்கால் அடித்துக் காட்டச் சொன்னேன். பையிலிருந்து எடுத்தார், குலுக்கவில்லை. வாயைத் திறந்து, நாக்குக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினார். வாயாலும் மூக்காலும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. பிறகு நீளமாக மூச்சு இழுத்தார். அந்த மூச்சோடு உள்ளே போனது கடையின் ஏசிக் காற்று மட்டும்தான். மூன்று வருஷமாக அப்படித்தான் அடித்து வந்திருக்கிறார். கிளினிக்கில் ஒவ்வொரு மாதமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாங்கள் ஒவ்வொரு மாதமும் விற்றிருக்கிறோம். அடித்துக் காட்டுங்கோ என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வெள்ளைப் புகை வெளியே தெரிந்தால் மருந்து உள்ளே போகவில்லை என்று பொருள். பம்பிலிருந்து வாயு அழுத்தத்தோடு சீறி வருகிறது. நம் மூச்சை விடப் பல மடங்கு வேகம். எவ்வளவு ஒழுங்காக அடித்தாலும், வெறும் பம்பில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் நுரையீரலைச் சேரும். மிச்சம் தொண்டையில் படிந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். ஒழுங்காக அடிப்பது இப்படி: நன்றாகக் குலுக்க வேண்டும். பம்புக்குள் ஊதாமல் முகத்தைத் திருப்பி மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும். உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அமுக்க வேண்டும். அமுக்கிய பிறகும் நான்கைந்து விநாடி மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்கி வைக்க வேண்டும். இரண்டாவது பஃப் வேண்டுமானால் அரை நிமிஷமாவது பொறுக்க வேண்டும்.

தூள் கப்சியூல் போடும் சாதனத்துக்கு இதில் பாதி தலைகீழ். அதில் தள்ளிவிட வாயு இல்லை. தூளைக் கிளப்புவதே நம் மூச்சுத்தான். ஆகவே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். பம்புக்கு மெதுவாக, தூளுக்கு வேகமாக. இரண்டையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்தால் ஆட்கள் குழம்பாமல் வேறென்ன செய்வார்கள்? தூளுக்கு ஈரமும் ஆகாது. கடற்கரையோரக் கொழும்பின் காற்றில் கப்சியூலை முன்கூட்டியே உறையிலிருந்து எடுத்து வைத்தால், அல்லது சாதனத்துக்குள் மூச்சை ஊதினால், தூள் கட்டிபட்டுவிடும். குளியலறை அலுமாரி அதற்கு மிகக் கெட்ட இடம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது என் பிழை. ஒரு ஐயாவுக்கு அந்தக் கப்சியூல்களைக் கடதாசி உறையில் போட்டு, "காலை 1, இரவு 1" என்று எழுதிக் கொடுத்தேன். சாதனம் வீட்டில் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு மாதம் அவற்றைத் தேநீரோடு விழுங்கியிருக்கிறார். அடுத்த மாதம் வந்து "இது வேலை செய்யுதில்லை" என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரியவந்தது. கப்சியூல் என்றால் விழுங்குவது என்று நினைத்த அவரில் ஒரு பிழையும் இல்லை. அதற்குப் பிறகு அந்த உறைகளில் "விழுங்க வேண்டாம், உறிஞ்சவும்" என்று சிவப்பில் எழுதாமல் நான் ஒன்றும் கொடுத்ததில்லை.

அம்மம்மாவுக்கு வருவோம். கை நடுங்கும் வயதில், இழுப்பதையும் அமுக்குவதையும் ஒரே கணத்தில் செய்வது கஷ்டம். சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அதற்கென்றே இருப்பது ஸ்பேசர்: ஒரு பக்கம் பம்ப், மறுபக்கம் வாய், நடுவில் ஒரு வெற்றுக் குழாய், அவ்வளவுதான். பம்பின் சீற்றம் அந்த வெற்றிடத்தில் அடங்குகிறது. பெரிய துளிகள் குழாயின் சுவரில் படிகின்றன, சின்னவை மிதந்துகொண்டு காத்திருக்கின்றன. பிள்ளை சாதாரணமாக நான்கைந்து தரம் மூச்சு இழுத்தால் போதும். ஒவ்வொரு பஃப்பையும் தனித்தனியாக அடிக்க வேண்டும்; நான்கைச் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும்.

வாங்க வசதி இல்லையே என்று சொல்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற சிறுவர் சுவாச மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1999இல் 'த லான்செட்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டு, இடைவெளியை ஒட்டி, தொய்வு வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கும் ஸ்பேசருக்குச் சமமாக அது வேலை செய்தது. அதே ஆய்வில் சோதித்த ரெஜிபோம் கோப்பை அந்த அளவுக்கு உதவவில்லை. எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கும் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்தான் அது. எந்த ஸ்பேசரானாலும் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி மருந்தைச் சுவரோடு இழுத்துவிடும். ஆகவே பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல், தானாகக் காய விட வேண்டும்.

நெபுலைசரைப் பற்றிக் கேட்காத வீடு கொழும்பில் குறைவு. பிள்ளைக்கு இழுத்தால் கிளினிக்கில் கொண்டுபோய் "நெபுலைஸ் பண்ணிக்கொண்டு" வருவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. முகமூடியால் ஆவி வருவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் நம்பிக்கையும் அதிகம். உயிருக்கு ஆபத்தான தாக்கம் அல்லாதவிடத்து, பிள்ளைகளுக்கு ஸ்பேசரோடு அடிக்கும் பம்ப் நெபுலைசருக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அவசரப் பிரிவில் இருக்கவேண்டிய நேரமும் அதனால் குறைகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் நெபுலைசர் வைத்திருந்த வீடுகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இரவு எட்டு மணிக்கு, ஜெனரேட்டர் ஓடும் கடை எது என்று தேடி, மெஷினையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தகப்பனுக்கு எங்கள் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பிளக் கொடுத்தேன். ஸ்பேசருக்குக் கரண்ட் தேவையில்லை.

ஆனால் கை பழகினாலும் போதாது. எந்தப் பம்ப் எதற்கு என்பதுதான் இதைவிடப் பெரிய குழப்பம். நீலப் பம்ப் சல்பியூட்டமோல். இறுகிய குழாயை உடனே தளர்த்தும். மண்ணிறப் பம்ப் பெரும்பாலும் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட்; குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தை நாட்கணக்கில், வாரக்கணக்கில் தணிக்கும். நீலம் தேவைப்படும்போது எடுப்பது, மண்ணிறம் இழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளாந்தம் எடுப்பது. எங்கள் கவுண்டரில் நடந்தது மாறி. நீலம் மாதம் இரண்டு போகும். மண்ணிறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. உடனே சுகம் தருவதை மனம் நம்பும், மெதுவாக வேலை செய்வதை மறந்துவிடும். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஆபத்து இருக்கிறது. நீலம் அடிக்க அடிக்க அந்த நேரத்துக்கு மூச்சு வரும், உள்ளே வீக்கம் அப்படியே ஏறிக்கொண்டிருக்கும். உலக அளவில் தொய்வுச் சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜைனா குழு 2019இல் பெரியவர்களுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் நீலத்தை மட்டும் கொடுக்கும் சிகிச்சை வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். ஸ்டீரொயிட்டையும் விரைவில் தளர்த்தும் மருந்தையும் ஒரே பம்பில் சேர்த்து, தேவைப்படும்போது இரண்டும் உள்ளே போகும்படி செய்வது அவர்கள் இப்போது முதலில் சொல்லும் வழி.

ஸ்டீரொயிட் என்ற சொல்லைக் கேட்டால் ஆட்கள் பின்வாங்குகிறார்கள். கடும் இழுப்பு வந்தால் கொடுக்கும் பிரெட்னிசொலோன் குளிசை நாளுக்கு 40 மில்லிகிராம் வரை போகும். மண்ணிறப் பம்பில் ஒருவர் ஒரு நாளில் இழுப்பது பெரும்பாலும் 200 முதல் 400 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, எடையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. என்றாலும் எதைத் தவிர்க்க எதை எடுக்கிறோம் என்பது அதில் தெரியும். பம்ப் அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் தொண்டையில் வெண்படலம் பிடிப்பதையும் பெரும்பாலும் தடுக்கலாம்.

"பழகிப்போகும்" என்ற பயத்துக்குப் பின்னால் இன்னொரு பயம் ஒளிந்திருக்கிறது. பெண்பிள்ளை பம்ப் அடிக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் கதைப்பார்கள். அதனால் பம்பைப் பெட்டியிலிருந்து எடுத்து வேறு உறையில் போட்டுத் தரச் சொன்ன தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அப்படி மறைத்துக் கொண்டுபோகும் பிள்ளை பாடசாலையில் இழுப்பு வந்தாலும் பம்பை வெளியே எடுக்காது. எனக்கு இதைவிடக் கவலை தந்த விஷயம் அந்தக் கடையில் வேறில்லை.

உண்மையில் மூச்சால் மருந்து எடுப்பது நமக்குப் புதிதே இல்லை. சித்த வைத்தியம் புற மருந்துகளை 32 என்று வகுத்து, அதில் வேது (ஆவி பிடிப்பது), புகை, நசியம் (மூக்கில் விடுவது), ஊதல் என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறது. 1802 அளவில் ஜெனரல் ஜென்ட் என்ற பிரித்தானியப் படை அதிகாரி, மெட்ராஸில் தொய்வுக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தை அறிந்து அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஐரோப்பாவில் ஊமத்தைச் சுருட்டுகள் இருபதாம் நூற்றாண்டு வரை தொய்வு மருந்தாக விற்றன. ஊமத்தை நஞ்சு, அளவு தப்பினால் சித்தம் கலங்கும், உயிரும் போகும். ஆனால் அதிலுள்ள அற்றோப்பின் சுவாசக் குழாயைத் தளர்த்துவது உண்மை. அதே அற்றோப்பினின் மூலக்கூற்றைத் திருத்தி, இரத்தத்துக்குள் அதிகம் போகாமல் நுரையீரலோடு நிற்கும்படி செய்ததுதான் இன்று நெபுலைசரில் ஊற்றும் இப்ரற்றோப்பியம். பம்பின் கதை இதைவிடச் சின்னது. 1955இல் கலிபோர்னியாவில் ரைக்கர் மருந்து நிறுவனத்தை நடத்திய ஜோர்ஜ் மேசனின் 13 வயது மகளுக்குத் தொய்வு. தன் மருந்தும் ஸ்பிரே டப்பாவில் வந்தால் என்ன என்று அவள் கேட்டாள். அடுத்த வருஷமே, 1956இல், முதல் பம்ப் கடைக்கு வந்தது.

இனி மூக்கு. மூக்கிலும் அதே தலைகீழ்க் கதைதான். தடிமன் பிடித்து அடைத்தால் விடும் சொட்டுகள், சைலோமெற்றசோலின் போன்றவை, இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஐந்து நிமிஷத்தில் மூக்கைத் திறக்கும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து விட்டால் மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட அடைக்கும். அதைத் திறக்க இன்னும் சொட்டு, அது மேலும் அடைப்பு. தலையணைக்குக் கீழே அந்தச் சின்னப் போத்தல் இல்லாமல் நித்திரை வராது என்று சொன்னவர்கள் பலர். உண்மையில் பழகிப்போவது இதுதான். பம்பைச் சந்தேகிக்கும் வீடுகளில் இதை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. மூக்குக்கு அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரேயோ முழுப் பலன் காட்ட ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். ஆட்கள் இரண்டு நாள் அடித்துவிட்டு "சரிவரேல்லை" என்று விட்டுவிடுவார்கள்.

அடிக்கும் விதமும் பிழைக்கிறது. தலையை அண்ணாந்து, மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்து, உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். நடுச்சுவரில் படப்படப் புண்ணாகி இரத்தமும் வரும். தலையைச் சற்றே முன்னால் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையாலும் வலது மூக்குக்கு இடது கையாலும் அடியுங்கள். கை மாறும்போது நுனி தானாகவே வெளிப்பக்கச் சுவரை நோக்கித் திரும்பும். மெதுவாக முகர்ந்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கையும் உண்டு. கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து வார்க்கும்போது மூக்கில் இரண்டு துளி எண்ணெயோ நெய்யோ விடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். எண்ணெய் இருமலைத் தூண்டாமல் வழுக்கி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடம்பால் அதை அகற்றவும் முடியாது. நாளடைவில் ஒரு வகை நியூமோனியா வரலாம். மற்றது, மூக்கைக் கழுவும் உப்புத் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் மட்டும் கலக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், அதிலிருந்த அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். விழுங்கினால் ஒன்றும் செய்யாத உயிரி அது, மூக்கால் போனால் வேறு. நம் மொட்டைமாடித் தாங்கிகளுக்குள் கடைசியாக எட்டிப் பார்த்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரை மூக்கும் நுரையீரலும் மருந்து போய்ச் சேரும் இடம். இனிப் பாதை. மூக்கின் உட்பரப்பு விரித்த கையளவுதான், ஏறக்குறைய 150 சதுர சென்ரிமீற்றர். ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிலீற்றரில் பத்தில் ஒரு பங்கு விட்டாலே போதும். அதைக் கூட்டினால் வழிந்துவிடும். போதாததற்கு நுண்மயிர்கள் எல்லாவற்றையும் பதினைந்து இருபது நிமிஷத்தில் தொண்டைப் பக்கம் துடைத்துத் தள்ளிவிடும். ஆகவே சிறிய அளவில் வலுவாக வேலை செய்யும் மருந்துகளுக்குத்தான் இந்தப் பாதை ஒத்துவரும். போதைமருந்து அளவுமீறி மூச்சு நின்றவரை எழுப்பும் நலொக்சோன் ஸ்பிரேக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது. சீனி மிகக் குறைந்து மயங்கியவருக்கு மூக்கில் அடிக்கும் குளுக்ககோன் தூள் 2019இல் வந்தது. கடும் ஒவ்வாமைக்கு அடிக்கும் அட்ரினலின் ஸ்பிரே 2024இல் வந்தது. மயங்கிக் கிடப்பவருக்குக் குளிசை விழுங்கக் கொடுக்க முடியாது. ஊசி போடத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை. அந்த நேரத்தில் பாடசாலை ஆசிரியரோ பஸ் கொண்டக்டரோ கூட அடிக்கக்கூடிய மருந்து இது. நான் நின்ற கவுண்டரில் இவற்றில் ஒன்றைக்கூட விற்றதில்லை என்பதைக் கவலையோடு சொல்கிறேன்.

ஆனால் அளவைப் பாருங்கள். குளுக்ககோன் ஊசியில் 1 மில்லிகிராம், மூக்கில் 3. அட்ரினலின் பெரியவருக்கு ஊசியில் 0.3 மில்லிகிராம், மூக்கில் 2. தொய்வுப் பம்பில் சுருங்கிய அளவு இங்கே வீங்குகிறது. இடமாக இருக்கும்போது சிக்கனம், பாதையாக இருக்கும்போது செலவு. அந்தச் செலவைக் கொடுத்து வாங்குவது அவசரத்தில் கைகொடுக்கும் எளிமையை.

இதை இன்சுலினைப் போல வேறெதுவும் காட்டாது. "ஊசி இல்லாத இன்சுலின் வந்திட்டுதாமே?" என்று கேட்காத நீரிழிவுக்காரர் இல்லை. வந்தது, போனது, திரும்பவும் வந்தது. 1920களிலேயே ஜெர்மனியில் இன்சுலினை மூச்சால் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் ஃபைசர் நிறுவனத்தின் எக்ஸுபெரா அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. அதில் ஒரு மில்லிகிராம் தூளை இழுத்தால், அதாவது ஏறக்குறைய 28 அலகை இழுத்தால், ஊசியில் போடும் 3 அலகு அளவுக்குத்தான் வேலை செய்தது. சாதனம் பெரிது, விலை கூட, நுரையீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2007 ஒக்டோபரில் நிறுவனமே அதைக் கைவிட்டது. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஃப்ரெஸ்ஸா சாதனம் உள்ளங்கைக்குள் அடங்கும், மருந்தும் விரைவாக வேலை செய்யும். ஆனால் தொய்வு போன்ற நாட்பட்ட நுரையீரல் வருத்தம் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை அதால் கொடுக்கவும் முடியாது. முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு ஊசி அப்போதும் வேண்டும்.

தடுப்பூசியிலும் இதே ஆசை இருக்கிறது. கிருமி நுழையும் வாசலிலேயே காவலை நிறுத்தலாம் என்பது நியாயமான யோசனை. 2022இல் இந்தியா மூக்கில் விடும் கொவிட் தடுப்பு மருந்துக்கும், சீனா வாயால் இழுக்கும் ஒன்றுக்கும் அனுமதி கொடுத்தன. ஆனால் யோசனை நன்றாக இருப்பது மட்டும் போதாது. இந்தியாவில் சின்னமுத்துத் தடுப்பு மருந்தை ஆவியாக இழுக்கவைத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2015இல் வந்தது: ஊசி போட்ட பிள்ளைகளில் 94.6 வீதத்தினருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாக, இழுத்தவர்களில் 85.4 வீதத்தினருக்குத்தான் உண்டானது. சுவிற்சர்லாந்தில் 2000ஆம் ஆண்டில் வந்த ஒரு மூக்குவழி இன்ஃபுளுவென்சாத் தடுப்பு மருந்து, சிலருக்கு முகத்தின் ஒரு பக்கத்தை வாதமாக்கியதால் மீளப்பெறப்பட்டது. மூக்கும் நரம்பும் அவ்வளவு அருகில் இருக்கின்றன.

இவை எல்லாம் வரட்டும். கையில் இருக்கும் பம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது: அது எப்போது முடிகிறது? எண்ணிக்கை காட்டாத பம்புகளில் பெரும்பாலும் 200 பஃப் இருக்கும். மருந்து முடிந்த பிறகும் வாயு மிஞ்சியிருக்கும். அமுக்கினால் "ஸ்" என்று வரும், குலுக்கினால் சலசலக்கும், உள்ளே மருந்து மட்டும் இராது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை நம்ப முடியாது, பம்பின் வாயும் அடைபடும். எண்ணுவது ஒன்றே வழி.

கொட்டாஞ்சேனை அம்மம்மாவுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலில் ஸ்பேசர் செய்து கொடுத்து, பேத்திக்கும் காட்டிவிட்டு, இந்த எண்ணிக்கைக் கதையையும் சொல்லி அனுப்பினேன். மண்ணிறப் பம்ப், காலை இரண்டு, இரவு இரண்டு. ஐம்பது நாள் கழித்து வந்தார். கைப்பையிலிருந்து கோயில் கலண்டரின் இரண்டு தாள்களை நாலாக மடித்து எடுத்தார். ஒவ்வொரு திகதிக்கும் கீழே பேத்தியின் கையெழுத்தில் நான்கு கோடுகள், பென்சிலால்.

"இருநூறு ஆச்சு மோனை," என்றார். "புதுசு தாங்கோ."